ஐந்தாவது வரி

செவ்வாய்க் குடியிருப்பில் யாரும் யாரையும் பார்த்து "நீங்க எந்த ஊரு?" என்று கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. கேட்பானேன்? எதிரே ஓர் ஆள் வந்தால் போதும், காதுக்குள் பதித்திருக்கும் சில்லு அவரைப் பற்றிய ஐந்து வரிக் குறிப்பை ஓதிவிடும். பேர், ஊர், சாதனை, சுபாவம் எல்லாம் அத்துப்படி. அப்புறம் பேச என்ன இருக்கிறது? தலையை ஆட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

திலகமணிக்கு இந்தத் தலையாட்டல் அலுத்துப்போயிருந்தது. சாதாரண ஆளா அவள்? செவ்வாயின் பனிப்பாறையைக் குடைந்து முதன்முதலாகக் குடிநீர் எடுத்தவள். பள்ளிப் பிள்ளைகள் பொது அறிவுப் போட்டியில் அவள் பேரைச் சொல்லிப் பரிசு வாங்கினார்கள். ஆனால் அவள் வீட்டு வாசலை ஒரு பிள்ளைகூட மிதித்ததில்லை. கணவர் போனபிறகு சுவரோடுதான் பேச்சு.

காரணம் தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தாள். குறிப்பின் ஐந்தாவது வரி, "தனிமை விரும்பி." என்றைக்கோ, இந்தக் குறிப்புகளை எழுதும் தகவலகத்துக்காரன் பேட்டிக்கு வந்தபோது அவளுக்கு உயிர்போகிற பல்வலி. "இன்னொரு நாள் வாப்பா" என்று கதவைச் சாத்திவிட்டாள். பாவி, அதையே சுபாவமாக எழுதிவிட்டுப் போய்விட்டான்.

வரியை மாற்றச் சொல்லித் தகவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த இயந்திரன் பணிவாகத்தான் பேசியது. அவளை நேரில் அறிந்த இருவர் சாட்சி சொல்ல வேண்டுமாம். அதற்கு எங்கே போவாள்? வெட்கத்தை விட்டு எதிர்வீட்டு ஞானசெல்வியிடம் கேட்டாள். அவளும் அவள் புருஷன் பேச்சிமுத்துவும் கதவைத் திறக்காமலே சம்மதித்தார்கள்.

"உங்களைத் தெரியாதாக்கா? அதான் குறிப்புல எல்லாம் இருக்கே" என்றாள் ஞானசெல்வி.

வரி மாறியது: "பேசுவதில் மிகுந்த ஆர்வம் உள்ளவர்."

அன்று மாலை திலகமணி பாசிமாவில் வடை சுட்டாள். கதவை விரியத் திறந்துவைத்து, தட்டும் கையுமாக நின்றாள். முதலில் பேச்சிமுத்து வந்தார். பாதி வழியில் சில்லு ஓதியிருக்க வேண்டும். எதையோ மறந்தவர்போல நெற்றியில் தட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினார். அடுத்து வந்த இரண்டு பெண்கள் அவள் வாசலைத் தவிர்த்துச் சுற்றுவழியில் இறங்கினார்கள்.

"பிடிச்சா விடமாட்டாங்கடி" என்று அவர்களில் ஒருத்தி கிசுகிசுத்தது இவள் காதில் நன்றாகவே விழுந்தது. ஞானசெல்வி உள்ளே தாழ் போடும் சத்தமும் கேட்டது. வடை ஆறிப்போனது. தட்டை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் மறுபடியும் தகவலகத்தில் போய் நின்றாள்.

"பழைய வரியவே போட்டுருப்பா. அது இருந்தவரைக்கும், அதனாலதான் யாரும் வரலைன்னு நெனச்சுக்கிட்டாவது இருந்தேன்."

இயந்திரன் அக்கணமே மாற்றிவிட்டது. இதற்குச் சாட்சி வேண்டாமா என்று திலகமணி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"வேண்டாம் அம்மா. உங்கள் வீட்டுக்கு இதுவரை யாருமே வந்ததில்லை. அந்தச் சாட்சி போதும்."