பூஜையில் வைத்த ஸ்பானர்

2004. ஆயுத பூஜைக்கு மறுநாள், காலை ஏழு மணி.

கார் ஷெட்டின் கதவைத் திறந்த கொளஞ்சியம்மாள் போட்ட கூச்சலில் பெரம்பலூர் துறைமங்கலத்தில் பாதித் தெரு கூடிவிட்டது. வெள்ளை எஸ்டீமின் முன்பக்கம் தரையோடு அமுங்கிக் கிடந்தது. அடியில் அவருடைய ஒரே மகன் அறிவரசன். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

எட்டு மணிக்கு சப் இன்ஸ்பெக்டர் மணிமொழி வந்தார். அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகிற வரைக்கும் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. முதல் பிணத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தவர், இப்போது பிணத்தின் பக்கத்தில் நின்றே டீ குடிப்பார். மனசு மரத்துப் போய்விட்டது என்று அவருக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அறிவரசனை ஊருக்கே தெரியும். அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் கம்பெனியில் என்ஜினீயர். வாரமெல்லாம் இந்தக் காரில் வேலைக்குப் போவான். இடையிடையே ஒரு ஞாயிறு, இதே காரை ஸ்ரீபெரும்புதூர் பந்தயத் தடத்துக்கு ஓட்டிப்போய், யாரும் பரிசு தராத சுற்றுகளைச் சுற்றிவிட்டு வருவான். தடத்துக்கு இறுக்கமான ஷாக் அப்சார்பர் வேண்டும். வளைவில் வண்டி சாயக்கூடாது. குண்டும் குழியுமான அரியலூர் ரோட்டுக்கு மெத்தென்ற ஷாக் வேண்டும். இல்லையென்றால் இடுப்பு கழன்றுவிடும். அதனால் இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பூட்டுவான். ஒவ்வொரு தடவையும் அரை நாள் பிடிக்கும். சோம்பல் பட்டால் இறுக்கமான செட்டிலேயே வாரக்கணக்கில் ஓட்டுவான்.

"ஜாக்கி வழுக்கிருச்சு மேடம். விபத்துன்னு எழுதிரலாமா?" என்றார் ஏட்டு ராசாங்கம்.

மணிமொழி ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். வலது முன்சக்கரம் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. பக்கத்தில் மெத்தென்ற செட்டின் நான்கு ஷாக்குகளும் வரிசையாக, பூட்டத் தயாராக. பானெட் மூடியிருந்தது. இடது முன்விளக்கின் கண்ணாடி பளிச்சென்று புதுசு, வலது மட்டும் மஞ்சள் பூத்தது. செத்தவன் கைப்பக்கம் ஒரு ஸ்பானர், அதன் மேல் சந்தனமும் குங்குமமும். சுவரோரம் சாமி படத்துக்கு முன்னால் பலகையில் பூஜைக்கு வைத்த சாமான்கள் அப்படியே இருந்தன. நடுவில் ஒரு ஸ்பானர் அளவுக்கு மட்டும் இடம் காலி.

குன்னத்தில் தாய்வீட்டுக்குப் பூஜைக்குப் போயிருந்த மனைவி பிரவீணாவை அழைத்து வந்தார்கள். ஏழு மாத வயிறு. புருஷனும் குன்னத்துக்குத்தான் போயிருப்பான் என்று கொளஞ்சியம்மாள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருந்தார். இப்போது அத்தனையும் மருமகள் தலையில் இறங்கியது.

"இடுப்பு வலிக்குது, இடுப்பு வலிக்குதுன்னு அவன் உசுரை வாங்குனியேடி! பூஜையில வச்ச சாமானை மறுநாள் படைச்சு எடுக்காம தொட மாட்டான் எம்புள்ள. உனக்காகத் தொட்டுட்டான். சாமி விடுமா?"

பிரவீணா அழவில்லை. "ஆமாங்க அத்தை. நான்தான் கொன்னுட்டேன்" என்று, கடைக்காரரிடம் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். மரத்துப்போன அந்தக் குரலை மணிமொழிக்கு நன்றாகத் தெரியும். அது தன் குரல்தான்.

ஒன்பதரை மணி. அறிவரசனின் பந்தயக் கூட்டாளி மகேஷ் தானாகவே வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"நேத்து அவரைப் பார்த்தீங்களா?"

"சாயங்காலம் வந்தேன் மேடம். பிரவீணாவால முடியல, இன்னிக்கே ஹார்ட் செட்டைக் கழட்டிட்டு சாஃப்ட் செட்டைப் போடப்போறேன்னான். நாளைக்குப் பண்ணுடான்னேன். கேக்கல."

"நீங்க இருக்கும்போதே ஆரம்பிச்சிட்டாரா?"

"சக்கரத்தைக் கழட்டிட்டான். உள்ள ஹார்ட் செட் இருந்ததை நானே பார்த்தேன். அதுக்கப்புறம் கிளம்பிட்டேன்."

"பூஜை சாமானை எடுத்தாரே, ஒண்ணும் சொல்லலியா?"

"அவன் அதெல்லாம் பார்க்க மாட்டான் மேடம்."

பெற்றவள் ஒன்று சொல்கிறாள், நண்பன் வேறு சொல்கிறான். மணிமொழிக்கு உறுத்தியது. உறுத்தல் என்று ஒன்று இன்னும் தனக்குள் மிச்சமிருப்பதே அவருக்கு ஆச்சரியம். உடலை எடுத்துப் போனபிறகு பானெட்டைத் தூக்கினார். இரண்டு ஓரத்திலும், ஷாக்கின் தலைப்பக்கம், ரேடியோவில் இருப்பது போல ஒரு சின்னச் சிவப்புத் திருகு. இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். டிக்கிக்குள்ளும் அதே மாதிரி இரண்டு. ஷெட் மூலையில் ஒரு சாக்கு கட்டிக் கிடந்தது. ராசாங்கத்தை அவிழ்க்கச் சொன்னார். உள்ளே நான்கு பழைய ஷாக்குகள்.

மணிமொழி பிரவீணாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கடைசியா எப்பம்மா கார்ல போனீங்க?"

"போன வாரம். செக்கப்புக்கு அரியலூர்."

"வண்டி தூக்கிப் போட்டுச்சா?"

"மொதல்ல போட்டுச்சு. வழியில நிறுத்தினார். முன்னாடி தொறந்து ஏதோ பண்ணார், பின்னாடி தொறந்து ஏதோ பண்ணார். தண்ணி பார்க்கறார்னு நெனச்சேன். அப்புறம் தூளி கணக்கா போச்சு." அவள் சற்று யோசித்தாள். "இனிமே உனக்கு ரெண்டு விரல் போதும்னு சிரிச்சார். எனக்குப் புரியல."

"மகேஷ் அடிக்கடி வருவாரா?"

"ஒரு மாசமா வூட்டுப் பக்கமே வரல. ஏன்னு கேட்டா இவர் மூஞ்சி மாறிடும்."

மணிமொழி எழுந்து போய் டிக்கியில் இருந்த திருகுகளைத் திருப்பினார். டிக், டிக் என்றது. காரின் பின்பக்கத்தை அமுக்கினார், அசைய மறுத்தது. எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு அமுக்கினார். மெத்தையாக இறங்கி எழுந்தது.

பதினொரு மணி. மகேஷை ஷெட்டுக்குள் கூப்பிட்டார்.

"நேத்து உள்ள ஹார்ட் செட்டைப் பார்த்ததா சொன்னீங்க. சரிதானே?"

"ஆமா மேடம்."

"அப்ப இது?" ராசாங்கம் சாக்கைக் கவிழ்த்தார். நான்கு ஷாக்குகளும் சிமென்ட் தரையில் உருண்டன. "ஹார்ட் செட் இங்க இருக்கு. சாஃப்ட் செட் காருக்குப் பக்கத்துல இருக்கு. கார்ல இருக்கறது மூணாவது. ரோட்டுக்கும் தடத்துக்கும் சேர்த்து ஒண்ணே ஒண்ணு. எதையும் கழட்ட வேண்டாம். படுக்க வேண்டாம். ஜாக்கியே வேண்டாம். நின்னமேனிக்குத் திருகினாப் போதும்."

மகேஷின் பார்வை காரின் மேல் போனது.

"பேச்சு நின்ன ஒரு மாசத்துல வாங்கிப் போட்டிருக்கார். உங்களுக்கு எப்படித் தெரியும்? எந்த ஷாக்கை மாத்துறவனும் முதல்ல பானெட்டைத் தூக்கி மேல இருக்கற நட்டைத்தான் கழட்டணும். நீங்க அவசரத்துல சக்கரத்தோட நிறுத்திட்டீங்க. தூக்கியிருந்தா இந்தச் சிவப்புத் திருகு கண்ணுல பட்டிருக்கும். அதுக்கு அவர் வச்ச பொட்டும்."

"ஏதோ ஞாபகத்துல மாத்திச் சொல்லிட்டேன் மேடம்…"

"முன்விளக்குக் கண்ணாடி எப்ப உடைஞ்சுது?"

அவன் ஷெட் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"போன மாசம் செந்துறை ரோட்டுல வீரம்மாள்னு ஒரு அம்மா. பருத்தி எடுத்துட்டு வந்தவங்களை வெள்ளைக் கார் ஒண்ணு அடிச்சிட்டு நிக்காமப் போச்சு. அங்க பொறுக்கின கண்ணாடித் துண்டு எங்க ஸ்டேஷன்ல இருக்கு. அன்னிக்குக் காரை இரவல் வாங்கினது யாரு? அதுலேர்ந்துதானே நீங்க இந்த வீட்டுப் பக்கமே வரல?"

மகேஷ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பூஜை முடிஞ்சதும் ஸ்டேஷனுக்குப் போயிரு, இல்லைன்னா நானே போவேன்னான். நேத்து காலுல விழுந்து கெஞ்சினேன். முடியாதுன்னு திரும்பினான். ஜாக்கிக் கம்பி கையில இருந்துச்சு. அப்புறம் என்ன பண்ணினேன்னே தெரியல மேடம். அவனைக் காருக்கு அடியில தள்ளி, ஜாக்கியை இறக்கி, பழக்கமா பார்த்த மாதிரியே எல்லாத்தையும் வச்சுட்டேன். கண்ணு முன்னாடி இருந்த ஸ்பானரை எடுத்துத்தான் சக்கரத்தைக் கழட்டினேன்."

"விபத்து மாதிரிதான் இருந்துச்சு. ஏட்டையாவே எழுதப் பார்த்தார். பூஜை சாமானை அவர் தொடவே மாட்டார்னு அவங்க அம்மா சொன்னதாலதான் நான் திரும்பிப் பார்த்தேன்."

அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். கொளஞ்சியம்மாள் பலகைக்கு முன்னால் சுருண்டு கிடந்தார். மருமகளை நிமிர்ந்து பார்க்கும் தைரியம் அவருக்கு வரவில்லை.

மணிமொழி பிரவீணாவைக் கைத்தாங்கலாகக் காரின் பின்பக்கம் அழைத்துப் போனார்.

"உங்களுக்காக அவர் காருக்கு அடியில போகலம்மா. போகவே கூடாதுன்னுதான் இதை வாங்கியிருக்கார். திருப்பிப் பாருங்க."

பிரவீணா இரண்டு விரலால் திருப்பினாள். டிக், டிக், டிக்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

அவள் இன்னொரு தடவை திருப்பினாள். பிறகு, மெத்தென்று இருக்கும் பக்கமே திருப்பி வைத்துவிட்டு, டிக்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். தெருக்கோடி டீக்கடையிலிருந்து ராசாங்கம் வாங்கி வந்து நீட்டிய டீயை மணிமொழி அன்றைக்கு வாங்கவில்லை.