ஆறாத படுக்கை

மூன்றாம் மாடியில் அறை. ஒரு ஜன்னல், ஒரு ஒற்றைக் கட்டில், அதன்மேல் ஸ்பிரிங் மெத்தை. மெத்தையின் நடுவில் ஆள் நீளத்துக்குக் குழி.

"ஒரே கட்டில்தானாக்கா?" என்றாள் தங்கை.

"எனக்கு ராத்திரி டியூட்டி. உனக்குப் பகல்ல கடை. கட்டிலுக்குத்தான்டி ரெஸ்ட் கிடையாது."

அக்கா நர்ஸ். தங்கைக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஒருத்தி வரும்போது இன்னொருத்தி படியில் இறங்கிக்கொண்டிருப்பாள்.

காலையில் அக்கா வந்து படுக்கும்போது மெத்தை சூடாக இருக்கும். தங்கை விட்டுப்போன சூடு. அது அவளுக்குப் பிடித்திருந்தது. கூடவே ஈரத்துணியை மடித்து வைத்தது போன்ற வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தாள். போகவில்லை.

தூக்கம்தான் வரவில்லை. எப்படிப் படுத்தாலும் உடம்பு குழிக்குள் உருண்டது. எழுந்தால் இடுப்பு மரத்திருக்கும், கழுத்து திரும்பாது. கண்ணை மூடினால் முதுகுக்குக் கீழே ஏதோ மெல்ல அமுங்கி, மெல்ல எழும்பும்.

அவள் அசையாதபோதும்.

வார்டில் ஒருவருடைய ஊசியை இன்னொருவருக்குப் போடப் போனாள். நோயாளியே கையை இழுத்துக்கொண்டார். தலைமை நர்ஸ் கத்தவில்லை. "இன்னொரு தடவை நடந்தா வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள்.

பிசியோதெரபிஸ்ட் முதுகை அழுத்திப் பார்த்தார். "மெத்தைக்கு என்ன வயசு?"

போனில் படத்தைக் காட்டினாள்.

"இப்படிக் குழி விழப் பத்து வருஷமாவது ஆகும். இதுல படுத்தா கண்ணுதான் மூடியிருக்கும், உடம்பு முழிச்சுக்கிட்டே கிடக்கும். முதல்ல தூக்கிப் போடுங்க."

வீட்டுக்காரம்மாவை அழைத்தாள்.

"பழசா? போன வருஷம்தானேம்மா புதுசா வாங்கிப் போட்டேன்."

"குழி விழுந்திருக்கே?"

"முன்னாடி இருந்தது ஒல்லிக்குச்சிப் பொண்ணு. அதுவும் ரெண்டே மாசம். அதுக்கு முன்னாடி போட்டதும் இப்படித்தான் ஆச்சு. கம்பெனி சரியில்லை போல."

அக்கா வாங்கிய புது ஸ்பிரிங் மெத்தை ஒரு மாலையில் வந்தது. "பிடிக்கலைன்னா திருப்பி எடுத்துக்குவோம். கவரை மட்டும் கிழிச்சிடாதீங்க" என்றான் கொண்டுவந்தவன். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதியதைப் பிளாஸ்டிக் உறையோடு கட்டிலில் போட்டு, மேலே விரிப்பு விரித்தார்கள். அக்கா உள்ளங்கையால் தடவினாள். தட்டையாக, சில்லென்று இருந்தது.

"நாளைக்கு நான் தூங்குற தூக்கத்துக்கு, வீடே இடிஞ்சாலும் எழுப்பாதே" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குப் போனாள்.

காலையில் வந்து படுத்தாள். சூடாக இருந்தது. கடைக்குப் போன் செய்தாள்.

"மகாராணிக்கு நல்ல தூக்கமோ? இன்னும் சூடு ஆறலை."

"நான் எங்கே படுத்தேன்? கீழேதான்."

"புது மெத்தைடி."

"வந்த வாரத்துலேர்ந்து நான் தரையிலதான்க்கா. சொன்னா நீயும் கட்டில்ல ஏறமாட்டே. நீ எழுந்து போன சூடு விடியற வரைக்கும் ஆறாது. உடம்பா அது, அடுப்பா?" தங்கை சிரித்தாள். "நேத்து புதுசாச்சேன்னு ஏறிப் படுத்தேன். அதுவும் சூடு. இறங்கிட்டேன்."



தங்கையின் சிரிப்பு நின்றது. குரல் இறங்கியது.

"அக்கா, நேத்து நீ அதுல படுக்கவே இல்லையே."

அக்கா எழுந்து விரிப்பை விலக்கினாள். தலை வைக்கும் இடத்தில், பிளாஸ்டிக்கில் உள்ளங்கை அளவு ஆவி படிந்திருந்தது. துடைத்தாள்.

ஆவி உள்பக்கம் இருந்தது.

சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது.

இரவு டியூட்டி இருந்தது. வார்டில் ஊசிகள் இருந்தன. தூங்காமல் போக முடியாது. தங்கையின் போர்வையைத் தரையில் விரித்து, கதவோரம் படுத்துக் கண்ணை மூடினாள்.

கட்டிலில் ஸ்பிரிங் முனகியது.

நடுவிலிருந்து சுவர்ப்பக்கம், மெதுவாக, யாரோ நகர்ந்து படுத்தார்கள்.

இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு.