ஞாயிறுக்கு ஒரு கிளாஸ் விஷம்!

டெலிபோன் அலறியது!

1953. ஓர் ஆகஸ்ட் ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்றே கால்.

இன்ஸ்பெக்டர் ரிஸ்வி ரிசீவரை எடுத்தார்.

"ஐயா... கிளென்ரோய் தோட்டத்துப் பெரிய பங்களாவுலருந்து பேசுறேனுங்க... பட்லர் நல்லமுத்து..."

"சொல்லுங்க."

"தொரை... தொரை..."

"தொரைக்கு என்ன?"

"சாப்பாட்டு மேசையில கவுந்து கெடக்குறாருங்க! வாயெல்லாம் நொரை... மூச்சு இல்லீங்க ஐயா!"

ரிஸ்வி தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்பை நோக்கி ஓடினார்.

இலங்கையின் திம்புள்ள தேயிலை மலைகளைப் பனி விழுங்கியிருந்தது. ஜீப்பின் விளக்குகள் பகலிலேயே எரிந்தன. பத்தடிக்கு அப்பால் பாதை தெரியவில்லை... பள்ளமும் தெரியவில்லை!

பங்களா வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். பட்லர் நல்லமுத்து. பக்கத்தில் அவன் மனைவி பூரணி. பங்களாவின் சமையற்கட்டு அவள் பொறுப்பு.



உள்ளே...

பார்லோ துரை, அறுபது வயது, மேசை விரிப்பைப் பிடித்து இழுத்தபடி செத்திருந்தார். கவிழ்ந்த கிளாஸ். விரிப்பில் மஞ்சள் கறை.

எதிரே ஒரு போத்தல்!

கட்டையான கழுத்து. அகலமான தோள். உள்ளே பாதிக்குக் கீழே பொன் நிறத்தில் ஏதோ ஒரு திரவம்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டாக்டர் நிமிர்ந்தார்.

"விஷம், இன்ஸ்பெக்டர். நல்ல வேகமான விஷம். ரெண்டு வாய்க்கு மேல குடிச்சிருக்க மாட்டார்."

ரிஸ்வி குனிந்து முகர்ந்தார். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாதவர். வறுத்த கொட்டை வாசனை போல ஏதோ மூக்கில் ஏறியது.

"நல்லமுத்து... இத ஊத்திக் குடுத்தது யாரு?"

"நான்தானுங்க."

"ஒயின் அலமாரிச் சாவி யாருகிட்ட இருக்கும்?"

"ஒண்ணு தொரைகிட்ட... ஒண்ணு எங்கிட்டங்க."

"வேற?"

"வேற யாருகிட்டயும் இல்லீங்க..."

சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே தன் கழுத்துக்குச் சுருக்குப் போட்டுக்கொண்டது அவனுக்குப் புரிந்தது!

போத்தலின் பின்பக்கம் சின்னதாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'பெலிக்ஸ் சவேரிநாதன், ஒயின் வியாபாரம், புதுச்சேரி.'

"இந்த ஆளு யாரு?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவ கப்பல்ல வருவாருங்க. இப்ப ஹட்டன் ரெஸ்ட் ஹவுஸ்ல தங்கியிருக்காரு. புதன்கிழமையிலருந்து அங்கதாங்க."

"கூட்டிட்டு வாங்க!"

* * *

சவேரிநாதன் வெள்ளை சூட்டில் வந்து இறங்கினார். பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் வளர்ந்த புதுச்சேரித் தமிழர். மீசையில் வாசனைத் தைலம். பேச்சில் 'ஐயா'வுக்குப் பதில் பிரெஞ்சு 'முசே'. துரையின் உடலைப் பார்த்ததும் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அய்யோ, முசே... எவ்ளோ நல்ல மனுஷன்!"

"இந்த ஒயின் நீங்க வித்ததா?"

"நான்தான். ஷாம்பெய்ன் எல்லாரும் விப்பாங்க. நான் விக்கிறது பிரான்ஸ்காரனுக்கே சரியாத் தெரியாத ஊருங்களோட ஒயின். கஹோர் ஊர்க் கறுப்பு ஒயின்... ஜூரா மலை மஞ்சள் ஒயின்... இது அந்த மஞ்சள்தான். இந்தப் பக்கத்து கிளப்புங்க எல்லாமே நம்ம வாடிக்கை, முசே!"

"விஷம் எப்பக் கலந்திருக்கும்?"

சவேரிநாதன் போத்தலைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

"ஒயினுக்கு ஒரு குணம் இருக்கு. மூடியத் தெறந்தா ரெண்டே நாள்... புளிச்சுக் காடியாயிடும். வாசனை கெடாம இருக்குது பாருங்க? அப்போ நேத்தோ இன்னைக்கோதான் தெறந்திருக்காங்க."

"தெறந்தவரு?"

"அத நான் சொல்லணுமா?" அவர் பார்வை மெதுவாக நல்லமுத்துவின் மேல் போய் நின்றது. "ஊத்தும்போது கிளாஸ்ல கலக்க எவ்ளோ நேரம் ஆகும், முசே?"

"ஐயோ... பொய்யிங்க! பொய்யிங்க ஐயா!"

நல்லமுத்து கதறினான்.

விலங்கு 'க்ளிக்' என்றது!

* * *

மூன்று மணி. போலீஸ் நிலையத்தின் தகரக் கூரையில் மழை இரைந்தது.

பூரணி நனைந்து நின்றாள். நாலு மைல் நடந்து வந்திருந்தாள். கண்ணில் நீர் இல்லை... நெருப்பு இருந்தது.

"எம் புருஷனத் தூக்குல போடப் போறீங்களா, ஐயா?"

"கோர்ட்டு முடிவு பண்ணும்மா."

"அந்தப் போத்தலத் தெறந்து ரெண்டு வாரமாச்சுங்க!"

ரிஸ்வியின் பேனா நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"மத்த ஒயினெல்லாம் தொரை தெறந்தா அன்னைக்கே முடிச்சிருவாரு. இந்த மஞ்சள் மட்டும் ஞாயித்துக்கெழமைக்கு ஒரு கிளாஸுதாங்க. ஒரு போத்தல் மாசக்கணக்குல வரும். கெட்டதே இல்ல. கிளாஸு கழுவுறவ நானு... எனக்குத் தெரியாதுங்களா?"

"புருஷனக் காப்பாத்த எந்தப் பொஞ்சாதியும் இப்படித்தான் சொல்லுவா."

"அப்ப வியாழக்கெழமச் சங்கதியையும் கேட்டுக்குங்க! அந்தப் புதுச்சேரி ஆளு வந்திருந்தாரு. மேசையில ரெண்டு போத்தலு... கறுப்பு ஒண்ணு, தெறந்து வச்ச அந்த மஞ்சள் ஒண்ணு. தொரை கறுப்பு ஒயினக் குடிச்சிட்டுத் துப்பினாரு. பெரிய சத்தம்! இங்கிலீசு எனக்குப் புரியாது. ஆனா அல்ஜீரியா, அல்ஜீரியான்னு நூறு தடவ கத்தினாரு!"

"அப்புறம்?"

"வாசல்ல தோட்டத்து வேலைய மேற்பார்வை பாக்குற கண்டாக்கு வந்து கூப்புட்டாரு. தொரை வெளிய போயிட்டாரு. பத்து நிமிஷம்... அந்தாளு மட்டும் மேசையில தனியா இருந்தாருங்க. எம் புருஷன் அடுக்களையில எங்கூட நின்னாரு."

மழை வலுத்தது.

ரிஸ்வி டெலிபோனை இழுத்தார். கொழும்புக்கு ட்ரங்க் கால். வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு பெரிய ஹோட்டலில் முப்பது வருஷமாக ஒயின் பரிமாறும் கிழவர் ஒருவர் லைனில் வந்தார்.

"ஜூரா மலை மஞ்சள் ஒயினா? அத ஆறு வருஷத்துக்கு மேல பீப்பாயில போட்டு வைப்பாங்க, சார். கொறையக் கொறைய நெரப்பவே மாட்டாங்க. காத்துலயே கெடந்து வளந்த சரக்கு அது! தெறந்து ஒரு மாசம் வச்சாலும் ஒண்ணும் ஆகாது. அத விக்கிறவனுக்கு முதல்ல தெரிய வேண்டிய பாடமே அதான்!"

ரிஸ்வி ரிசீவரை மெல்ல வைத்தார்.

அப்படியானால் சவேரிநாதன் தெரியாமல் சொல்லவில்லை... தெரிந்தே சொன்னார்!

அன்று மாலையே துரையின் எழுத்து மேசையைக் குடைந்தார். பாதி எழுதிய கடிதம் கிடைத்தது. மலைநாட்டு கிளப்புகளுக்கெல்லாம் அனுப்புவதற்கு!

'சவேரிநாதன் விற்கும் கஹோர் கறுப்பு ஒயின் கஹோரிலிருந்து வருவதல்ல. அல்ஜீரியாவிலிருந்து பீப்பாயில் வரும் மட்டமான சரக்கு. புதுச்சேரியில் போத்தலில் அடைத்து லேபிள் ஒட்டுகிறார். இவரிடம் இருக்கும் ஒரே நிஜமான ஒயின் அந்த மஞ்சள்தான்...'

அந்த ஒரே நிஜமான ஒயின்தான் துரையைக் கொன்றிருந்தது!

ஆனால் சாட்சி? அந்தப் பத்து நிமிடத்தில் அவர் கை விஷம் கலந்ததைப் பார்த்தது யார்?

யாருமில்லை.

ரிஸ்வி சமையற்கட்டுக்குப் போனார். பூரணியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

அவள் முகம் முதலில் திகைத்தது. பிறகு இறுகியது.

"செஞ்சிர்றேனுங்க" என்றாள்.

* * *

திங்கள். பிற்பகல் மூன்று மணி. அதே சாப்பாட்டு அறை.

ஜன்னலுக்கு வெளியே பனி சுவர் போல நின்றது. ஓரத்தில் விலங்கோடு நல்லமுத்து. ஒரே இரவில் பத்து வயது கூடியவன் போலிருந்தான். கதவருகே பூரணி. மேசையின் நடுவே கட்டைக் கழுத்துப் போத்தல். சுத்தமான கிளாஸ் ஒன்று.

சவேரிநாதன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாளைக்குக் கொழும்புல எனக்குக் கப்பல், முசே..."

"அஞ்சு நிமிஷம் போதும். உங்க வாக்குமூலம் வேணும். அதான் இவனைத் தூக்குக்கு அனுப்பப் போவுது."

நல்லமுத்து முனகினான்.

"நீங்க சொன்னது சரி" என்றார் ரிஸ்வி. "விஷத்த கிளாஸ்லதான் கலந்திருக்கான். போத்தல்ல ஒண்ணுமில்ல. நல்ல ஒயின்தானான்னு நீங்க ஒரு வாய் ருசி பாத்துச் சொல்லிட்டா எழுதி முடிச்சிருவேன். நான் இதெல்லாம் தொடாதவன்... எனக்கு என்ன தெரியும்?"

அவரே ஊற்றினார்.

பொன் நிறம் கிளாஸில் ஏறியது. பாதி... முக்கால்...

கிளாஸை நீட்டினார்.

சவேரிநாதன் கை அதை நோக்கி வந்தது. பாதி வழியில் நின்றது.

"காலையிலருந்து... வயிறு சரியில்ல..."

"ஒரு சொட்டு போதும்."

"வேணாம், முசே."

"நாக்குல தொட்டாப் போதும். உங்க சரக்குதான?"

ரிஸ்வி எழுந்தார். ஓர் அடி முன்னால் வந்தார். கிளாஸும் வந்தது.

சவேரிநாதனின் நெற்றியில் வேர்வை பொடித்தது. அந்தக் குளிரில்!

"குடிங்க."

"மாட்டேன்!"

"ஏன்?"

"தள்ளிப் போங்க!"

"இல்ல... நீங்க குடிச்சே ஆகணும்!"

கிளாஸின் விளிம்பு மீசையைத் தொட்டது...

"பைத்தியமா உனக்கு?" சவேரிநாதன் அலறினார். "போத்தல் பூரா விஷம்யா! ஒரு வாய் போனாச் செத்துருவேன்!"

கையை வீசினார். போத்தல் தரையில் விழுந்து சிதறியது!



"போத்தல்ல விஷமா?" ரிஸ்வியின் குரல் மிக மெதுவாக வந்தது. "நேத்து கிளாஸ்லன்னு சொன்னீங்க. இன்னைக்கு நானும் கிளாஸ்லதான்னு சொன்னேன். போத்தல்லதான்னு தெரிஞ்ச ஒரே ஆளு... போட்ட ஆளுதான்!"



சவேரிநாதன் சட்டென்று தரையைப் பார்த்துச் சிரித்தார். கோணலான, பயங்கரமான சிரிப்பு!

"போத்தல் ஒடஞ்சு போச்சே, இன்ஸ்பெக்டர்! எதைக் காட்டுவ கோர்ட்டுல?"

"எதையா?" ரிஸ்வி தன் கையிலிருந்த கிளாஸை உயர்த்தினார்.

ஒரே மூச்சில் குடித்தார்!

"ஐயா!" நல்லமுத்து வீரிட்டான்.

ரிஸ்வி உதட்டைத் துடைத்தார். விழவில்லை. இருமக்கூட இல்லை.

"நெசப் போத்தல் காலை ரயில்லயே கொழும்புக்குப் போயாச்சு. ரெண்டு கான்ஸ்டபிள் காவலோட. பகுப்பாய்வுக்காரர் இந்நேரம் அத சோதிச்சுப் பாத்துக்கிட்டிருப்பாரு. நீங்க ஒடச்சது தொரையோட பழைய காலிப் போத்தல்."

நல்லமுத்துவின் கையிலிருந்து கழன்ற விலங்கு சவேரிநாதன் கையில் ஏறியது.

நல்லமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பூரணி ஓடிப்போய் அவன் மணிக்கட்டின் தழும்பைத் தேய்த்துவிட்டாள். அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

சவேரிநாதன் நம்ப முடியாமல் தரையின் மஞ்சள் ஈரத்தையே பார்த்தார்.

"அப்போ... இது என்ன ஒயின்?"

பூரணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வெறும் தேயிலைச் சாயத்தண்ணிங்க! நம்ம தோட்டத்து நாலாம் நம்பர் மலைக் கொழுந்து... சரக்கு சுத்தமானது, லேபிள் மட்டுந்தான் பொய்யி!"