ஆயிரம் கூடத்தில் பதினொன்று

பஸ்கா விருந்துநூலை, நூல்களை வகைபிரிக்கும் இயந்திரமான வகைமானி அன்று காலை 'சமையல்: விருந்து உபசாரம்' கூடத்துக்கு அனுப்பிவிட்டது. அடிமைகள் எகிப்தை விட்டு வெளியேறிய கதையை யூதர்கள் வருடத்துக்கொரு முறை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாசிக்கும் நூல் அது. ரொட்டி, கசப்புக் கீரை என்ற சொற்களை மோந்து பார்த்த இயந்திரம் மேற்கொண்டு யோசிக்கவில்லை. கொச்சி யூதப் பெண்களின் கல்யாணப் பாட்டுகள் 'பொழுதுபோக்கு' ஆயின. நடுவில் மூலமும் சுற்றிலும் பல நூற்றாண்டு உரைகளுமாகப் பக்கத்துக்குப் பக்கம் வாதாடும் தல்மூதை, 'அச்சுக் கோளாறு' என்று சேதக் கிடங்கில் தள்ளியது.

இனி அவற்றை யாரும் பார்க்கப் போவதில்லை. உலகத்து நூல்களெல்லாம் கடலடிப் பெருங்கிடங்குக்குப் போகத் தொடங்கி நாற்பது வருடமாகிறது. அங்கே மனிதக் கால் படாது. இயந்திரக் கைகள்தான் எடுக்கும், வைக்கும். வகைமானி கொடுக்கும் எண்ணில்தான் ஒரு நூல் உயிரோடு இருக்கும். சமயங்களுக்கு மொத்தம் ஆயிரம் கூடம். யூதருக்கு 'பிற' என்ற வாலில் பதினொன்று. அதில் அடங்காதவை இப்படிச் சமையலுக்கும் சேதத்துக்கும் சிதறும்.

மண்ணடி பவளக்காரத் தெருவின் யூத நூலகத்தில் பட்டியலாளராக இருந்த தையல்நாயகிக்கு இது வேலைப் பிரச்சினையாக மட்டும் படவில்லை. ஒன்பதாயிரம் நூலையும் ஒரே வரிசையில் நிறுத்தும் ஒரு வகுப்புமுறையை அவள் இருபது வருடம் உட்கார்ந்து செய்திருந்தாள். வேதம், அதன் உரை, சட்டம், வழிபாடு, வரலாறு, பாட்டு, கடைசியில் மற்றவர்களைப் பற்றிய பத்துப் பதினைந்து நூல்களுக்காகப் 'பிற மக்கள்' என்று ஒரே ஒரு தட்டு. அதைக் கிடங்கில் ஏற்றுக்கொள்ளச் சொல்லி மனுப் போட்டபோது, தலைமை வகுப்பாளர் சபேசன் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, அறையில் நாலு பேர் இருக்கையில் சொன்னார்.

"நல்லாருக்கும்மா. எங்க வீட்டு மளிகைச் சீட்டும் இப்படித்தான் வரிசையா இருக்கும்."

நாலு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் முகம் முகமாக நினைவில் வைத்துக்கொண்டாள். தவிட்டைக் கடன் வாங்கினாலும் எடை குறையாமல் திருப்பிக் கொடுக்கும் குடும்பம் அவளுடையது.

நூலகத்தின் அறங்காவலர் சிம்ஹா எலியாஸுக்கு அவள் வயதுதான். தல்மூத் சேதக் கிடங்குக்குப் போன செய்தி கேட்டுச் சிரித்தாள்.

"எங்கள்ல ஒரு வழக்கம் உண்டு தையல். பிழையுள்ள புஸ்தகத்தைத் திருத்தாம முப்பது நாளுக்கு மேல வீட்ல வச்சிருக்கக் கூடாது. திருத்த முடியலன்னா மனுஷரை அடக்கம் பண்ற மாதிரி மரியாதையா புதைச்சிடுவோம். இந்த சபேசன் என்னடான்னா, பிழையே இல்லாததைப் புதைக்கிறான்."

 தையல்நாயகிக்கு வழி கிடைத்துவிட்டது.

கிடங்குக்கு நூல் கொடுக்கும் ஒவ்வொரு நூலகமும் தன் 'மரபு விதி' ஒன்றைச் சேர்க்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அவள் இந்த முப்பது நாள் வழக்கத்தை எழுதிக் கொடுத்தாள். எந்த நூலுக்கு என்பதை மட்டும் எழுதாமல் விட்டாள். ஏதோ பழைய தாள் சமாசாரம் என்று சபேசன் படிக்காமலே ஒப்புதல் கொடுத்தார். கூடவே அவளுடைய வகுப்புமுறையையும் ஒரு நூலாகக் கிடங்கில் சேர்க்கச் சம்மதித்தார். மளிகைச் சீட்டு ஒன்று கூடுதலாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றாராம்.

வகைமானி பின்பற்றிவந்த சபேசனின் முப்பத்தாறு தொகுதி வகுப்புமுறையும் அதன் கணக்கில் ஒரு நூல்தான். அதற்கும் ஓர் எண் இருந்தது. அந்த எண்ணின் மேல் தையல்நாயகி நாலாயிரத்துச் சொச்சம் பிழைப் புகார்களைப் பதிந்தாள். ஒவ்வொன்றுக்கும் பக்கம், வரி, சான்று. சபேசன் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. முப்பத்தோராம் நாள் காலையில் இயந்திரக் கைகள் அந்த முப்பத்தாறு தொகுதியையும் வெள்ளைத் துணியில் சுற்றி, கடலடி மணலில் குழி தோண்டி, சகல மரியாதையோடும் புதைத்தன.

வகுப்புமுறை இல்லாமல் வகைமானியால் ஒரு நிமிடம் இயங்க முடியாது. கையிருப்பில் ஒரு புகாரும் இல்லாத, முழுமையான முறை எது என்று தேடியது. ஒன்றே ஒன்று கிடைத்தது.

மூன்றே நாளில் ஆயிரம் கூடமும் இடம் மாறின. தல்மூத் முன்வரிசைக்கு வந்தது. விருந்துநூல் வழிபாட்டில் உட்கார்ந்தது. உலகத்தின் மீதிச் சமயங்கள் எல்லாம் கடைசிக் கூடத்தில், 'பிற மக்கள்' தட்டில், மூச்சு முட்ட அடைபட்டன. கிடங்கை நடத்தும் நிறுவனம் சபேசனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தையல்நாயகியை உட்கார வைத்தது.

மனு வரிசையில் முதலில் வந்தவர் சபேசன்தான். வகுப்புமுறையைத் தவிரத் தாம் எழுதிய ஒரே புத்தகத்தைக் காணவில்லை என்றார். அவள் அவரை உட்காரச் சொல்லவில்லை. தலைப்பை எழுத்துக் கூட்டச் சொன்னாள், இரண்டு முறை. பிறகு, "சீட்டுல கடைசி வரியில இருக்கும் சார், தேடிப் பாருங்க" என்றாள். தேட அங்கே யாராலும் முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அவர் எழுந்து போகும்போது முதுகு வளைந்திருந்ததை வாசல்வரை பார்த்து ரசித்தாள்.

இரண்டாவதாக வந்தவர் வந்தவாசிப் பக்கத்துச் சமண நூலகத்தின் தரணேந்திரன். கையில் ஒரு புகார்த்தாள், இன்னும் பதியாதது. தங்கள் ஏடுகள் எல்லாம் கடைசித் தட்டில் யாருடைய நூலுக்கு அடியிலோ நசுங்குகின்றன என்று பொறுமையாகச் சொன்னார்.

"அந்த முப்பது நாள் விதி உங்க பட்டியலுக்கும் உண்டுதானேம்மா?"

அவள் மனத்துக்குள் பங்கு போட்டுப் பார்த்தாள். பதிவில் உள்ள சமயங்கள் இருநூற்றைம்பது. ஆயிரம் கூடத்தைப் பிழையில்லாமல் பகிர்ந்தால் ஆளுக்கு நான்கு. சபேசன் அநியாயமாகக் கொடுத்தது பதினொன்று. நியாயமாகத் திருத்தினால் அதிலும் ஏழு போய்விடும். தல்மூத் மறுபடி சேதக் கிடங்கில்தான் கிடக்கும்.

"அதைப் பதியாதீங்கய்யா" என்று குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்கு இருபது கூடம் தர்றேன்."

தரணேந்திரன் தாளை மடிக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. "அறுபது."

"முப்பது. உங்க ஊர் ஏட்டை நான் பார்த்திருக்கேன், அதுக்கு முப்பதே தாராளம்."

"நாற்பத்தஞ்சுன்னா எழுந்து போயிடறேன்." ஒரு கணம் தயங்கினார். "மத்தவங்களுக்கு?"

"கேக்கறவங்களுக்குப் பாத்துக்கலாம்."

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வந்ததைவிட நிமிர்ந்து நடந்து போனார். நாற்பத்தைந்தை எங்கிருந்து எடுப்பது என்று கணக்கிட்டுக்கொண்டே தையல்நாயகி அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

சிம்ஹா வந்து உட்கார்ந்தாள். வெளியே நின்றபடி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. தான் கொண்டுவந்த ஒரு புகார்த்தாளை மேசைமேல் வைத்து, சுருக்கம் போகத் தடவிவிட்டாள். முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது.

"நம்ம பட்டியல்ல பிழை இருக்கு தையல். வாசல்லயே பதிஞ்சிட்டுத்தான் வர்றேன். இன்னையிலேர்ந்து எண்ணிக்கோ."