இரட்டைச் சுழி

நேற்று எடுத்த முதுகு அச்சு காலையில் இரண்டு விரல் கூடுதல் நீளமாக இருந்தது. ராயிசா மறுபடி அளந்து பார்த்தாள். உச்சந்தலைப் பக்கம்தான் கூடியிருந்தது. காய்ந்த ஜிப்சம் வளராது. விண்வெளி வீரர்களை ஈர ஜிப்சத்தில் படுக்கவைத்து, முதுகை அச்செடுத்து, அவரவருக்கென்று இருக்கை செய்வதே அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை.

மேலே போனால் முதுகெலும்பு நீளும். அதற்காகத் தலைக்கு மேலே இடம் விட வேண்டும். போன விண்கலத்தில் ஏறிய ரொதியோனின் இருக்கையில் அந்த இடத்தை இரண்டு விரல் குறைத்துவிட்டாள். ஆறு மாதம் கழித்துக் கலம் புல்வெளியில் தடாலென்று இறங்கியது. மற்ற இருவரும் பிழைத்தார்கள். அவனுக்குக் கழுத்து முறிந்தது. விசாரணையில் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அழுகை வரவில்லை. டீ கூட நாக்கில் சுடுவதில்லை. அவன் தலையில் இரட்டைச் சுழி இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

புதிய கலம் பக்கத்துக் கூடத்தில் தயார். அதில் போகப்போகும் கிளெப்பின் இருக்கைக்கு அவள் கையெழுத்துதான் பாக்கி. பழைய அச்சை உடைத்துவிட்டுப் புதிதாகக் கலக்கினாள்.

"மறுபடியுமா, ராயிசா மத்வேயெவ்னா? மாவுல பொரட்டியாச்சு, எப்போ பொரிக்கப் போறீங்க?" வெள்ளை உள்ளாடையில் நடுங்கிக்கொண்டே கிளெப் சிரித்தான்.

"வாயை மூடிக்கிட்டுப் படுப்பா. அசையாத."

தூக்கி இயந்திரத்தால் அவனை ஜிப்சத் தொட்டியில் இறக்கி, தலைக்கு மேலே நான்கு விரல் விட்டாள். மீதிக் குழம்பு கட்டிதட்டாமல் இருக்க வாளிக்குள் இரண்டு கையையும் விட்டுப் பிசைந்தாள். பக்கத்துக் கூடத்தில் சுத்தியல் சத்தம் நின்றது. ஈரச் சுண்ணாம்பு வாசனைக்குள் எங்கிருந்தோ கருகிய புல்லின் நாற்றம் மெல்ல ஏறியது. திரும்பி வந்த ரொதியோனின் இருக்கையில் அடித்த அதே நாற்றம். கை நின்றுவிட்டது.

"தலையில கை வைக்காதீங்க, கூசுது," என்றான் கிளெப், கண்ணை மூடியபடியே.

அவள் கைகள் வாளிக்குள் இருந்தன.

"விளையாடாதீங்க. அழுத்தாதீங்கன்னா..."

கையை இழுத்தாள். வரவில்லை. ஜிப்சம் மணிக்கட்டைச் சுற்றி இறுகியிருந்தது. சுட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, சுட்டது. அவனை மேலே எடுக்கும் தூக்கியின் பொத்தான் எட்டாமல் எதிர்ச் சுவரில்.

"ராயிசா மத்வே..."

அவன் மோவாய் நெஞ்சில் இடித்தது.

"இந்தத் தடவை இடம் நிறைய விட்டிருக்கேனே," என்று முனகினாள். கிளெப்பிடம் அல்ல.

தலைக்கு மேலே விட்ட இடத்தில் வெள்ளைப் பரப்பு மேடிட்டது. வெடித்தது. கிளெப்பின் உச்சந்தலையை முட்டித் தள்ளிக்கொண்டு இன்னொரு தலை. ஈர முடி. இரட்டைச் சுழி.

அது இன்னும் நீண்டுகொண்டிருந்தது.