மலையேற்றாமல் ஊதிய விளக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம், ஐப்பசி அடைமழை. கண்டியிலிருந்து வந்த பஸ்ஸை விட்டுப் பன்விலயில் இறங்கி, தேயிலைக்கு நடுவே நனைந்து நடந்து, பேச்சியம்மா புருஷன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் சின்னமுத்து அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். மூத்தவள் வடிவம்மா எவனோடோ இந்தியாவுக்கு ஓடிவிட்டாள் என்று அவரே சொல்லிவைத்திருந்தார். தோட்டமும் நம்பியது. ஒரு பெண்ணைப் பற்றி என்றால் எதைத்தான் நம்பமாட்டார்கள்?

வீடெங்கும் பூஞ்சண நாற்றம். மூலையில் குத்துவிளக்கு ஒன்று சாக்கால் மூடிக் கிடந்தது.

"அதத் தொடாத புள்ள. இந்த வீட்ல அரிக்கன் லாம்பு மட்டுந்தான்."

"ஏங்க?"

"சொன்னாக் கேளு."

சொன்னதைக் கேட்கிற ரகம் இல்லை பேச்சியம்மா. விளக்கில்லாத வீட்டில் என்ன குடித்தனம்? மறுநாள் அந்திப்பொழுதில் அவர் கொழுந்து நிறுக்கப் போனதும், விளக்கைப் புளி போட்டுத் துலக்கினாள். இரட்டைத் திரி முறுக்கி, தேங்காயெண்ணெய் விட்டு ஏற்றினாள்.

சுடர் நிமிர்ந்தது. வெளியே மேட்டுப் பாதையில் யாரோ இறங்கிவரும் சத்தம். சதக், சதக் என்று ஈரக்கால்கள் வாசல்வரை வந்தன.

எட்டிப் பார்த்தாள். பனிமூட்டம்தான்.

உள்ளே திரும்பினால், விளக்குக்கு முன்னால் தரை நனைந்திருந்தது. ஓர் ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்த அளவுக்கு.

அவள் விளக்கை அமர்த்தக் குனிந்தாள். விளக்கை 'அணை' என்று சொல்வது அபசகுனம், வாயால் ஊதுவது மகாபாவம் என்று வளர்ந்தவள். பூக்காம்பால் திரியை எண்ணெய்க்குள் இழுத்து, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"மலையேறிக்கோ, தாயே."

ஈரக்கால்கள் எழுந்தன. வாசலைத் தாண்டி, தேயிலைக்குள் புகுந்து, நிஜமாகவே மலையேறிப் போயின.

இந்தியாவுக்கு ஓடிப்போனவள் இப்படி மலையிலிருந்து நனைந்து வரமாட்டாள். அது புரிந்ததும் பேச்சியம்மாவுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்கியது. அடுத்த நாளும் விளக்கை ஏற்றினாள். ஈரக்கால்கள் இறங்கி வந்தன. தரை நனைந்தது.

அன்று மழையென்று சின்னமுத்து நேரத்தோடு வந்துவிட்டார்.

"யாருடி ஏத்தச் சொன்னது?"

"அக்கா இந்தியாவுக்குப் போகல. மலையிலதான இருக்காங்க?"

அவர் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தார். "அவளுக்கும் இப்புடித்தான் வாய் நீளம். ஒனக்கும் அந்தப் பாறையக் காட்டவா?"

இழுத்த கையை விடாமலே, குனிந்து விளக்கை ஊதினார்.

வாயால் ஊதினார்.

"ஊதிட்டீங்களே," என்றாள் பேச்சியம்மா. "மலையேத்தலியே."

கருகிய திரியின் வாடை. மழை இருட்டு. வந்த கால்கள் திரும்பிப் போகவில்லை.

கொண்டையைப் பிடித்த கை தளர்ந்தது.

"நெருப்புப்பெட்டி எங்க, பேச்சி?"

சதக்.

"நான் தள்ளல. அவளாத்தான் வழுக்கி விழுந்தா."

சதக். சதக். இப்போது அவர் பக்கத்தில்.

"அந்த வார்த்தையச் சொல்லு புள்ள. ஒன் கால்ல விழுறேன். அவள அனுப்பி வுடு."

பேச்சியம்மா அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டாள்.

"மலையேறிக்கங்க அக்கா," என்றாள். "தனியாப் போவாதீங்க."

கதவு திறந்துகொண்டது. தேய்ந்து இழுபடும் அவர் செருப்புச் சத்தம் மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டே போய், மழையில் கரைந்தது.

காலையில் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் பாறைக்குக் கீழே சின்னமுத்துவைக் கண்டார்கள். மண்ணிலிருந்து நீண்ட எலும்புக்கை ஒன்று அவர் மணிக்கட்டைப் பற்றியிருந்தது.

தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி தகவல் சொல்ல வீட்டுக்கு வந்தார். புதுப்பெண்ணை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

"பொலிஸ்ல கேப்பாங்க. ஒம் பேரு என்னாம்மா?"

பேச்சியம்மா தன் பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"வடிவம்மா."

கங்காணி இரண்டடி பின்வாங்கினார். பேர் மட்டுமல்ல, அந்தக் குரலும் அவருக்குத் தெரிந்த குரல்.