நடுவில் இருந்தவள்

"அந்தக் காலண்டரை எங்கடி தூக்கிட்டுப் போற? கறிக்கடைக்காரன் குடுத்தது... டாக்டருக்கு எதுக்கு?"

காலைக் காப்பி ஆறுவதற்குள் ரெஃபூகியோ வாசலை மறித்துவிட்டாள். யூலாலியாவின் கணவனுக்கு அக்கா. புவெப்லா நகரத்துப் பள்ளியில் முப்பது வருடம் தலைமையாசிரியை. ஓய்வு பெற்றபின் வீட்டில் மணியடித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்தால் தம்பி ஃபெர்மின் ரொட்டி மெல்லுவதையே நிறுத்திவிடுவான்.

"நயேலிக்காகத்தான் அண்ணி..."

"அவளுக்கென்ன குறைச்சல்? பதினஞ்சாம் பிறந்தநாளுக்கு எப்படிப் பறந்தா!"

பறந்தாள்தான் யூலாலியாவின் மகள். பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாளை மாதா கோயில் பூசையும் ஊர் விருந்துமாகக் கொண்டாடுவது அங்கே வழக்கம். ஐந்து நாள் தூங்காமல், மூன்று தையற்காரிகளிடம் மூன்று கவுன் சொல்லி, பாதிரியாருக்கே பிரசங்கம் எழுதிக் கொடுத்தாள். பதினைந்து வயசுப் பூரிப்பு என்று தெருவே கைதட்டியது. விழா முடிந்ததும் படுத்தவள், ஆறு வாரமாகியும் தேறவில்லை. அதற்கு அண்ணி வைத்த பெயர் சோம்பல். பெயர் வைக்க அந்த அம்மாள் என்றுமே தயங்கியதில்லை.

"பெத்த பொண்ணுக்குப் பைத்தியக்காரப் பட்டம் வாங்கப் போறியா, பாவி!"

யூலாலியா மகளைக் கைத்தாங்கலாக நடத்தினாள். டாக்டரைத் திருத்துவதற்காக அண்ணியும் கிளம்பினாள்.

காலண்டரின் ஒவ்வொரு கட்டத்திலும் மகள் தூங்கிய மணிக்கணக்கு. இரண்டு, ஒன்று, பூஜ்யம்... பிறகு பதினாறு, பதினெட்டு. டாக்டரம்மா நிதானமாகப் படித்தாள்.

"இந்த வயசுல அவசரப்பட்டுப் பேர் சொல்லக் கூடாது. குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி...?"

"யாருக்கும் இல்லீங்க," என்றாள் யூலாலியா. அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது அவ்வளவுதான்.

"லியாந்த்ரோ..."

மணியோசை இல்லாத ரெஃபூகியோவின் குரலை யூலாலியா அன்றுதான் கேட்டாள்.

"எங்க இன்னொரு தம்பி. வடக்கே வேலைக்குப் போயிட்டான்னு ஊருக்குச் சொன்னோம். பொய்! அவனும் இப்படித்தான் பறந்தான்... இப்படித்தான் படுத்தான். சோம்பேறின்னு நான்தான் பேர் வச்சேன். ஒரு விடியக்காலைல கதவைத் திறந்துட்டுப் போனவன்... இன்னிக்கு வரைக்கும் வரல!"

"மனசு ஒரேயடியா ஏறி, ஒரேயடியா இறங்குற பைபோலார் கோளாறா இருக்கலாம். இன்னும் கவனிச்சுத்தான் உறுதியாச் சொல்லணும். நீங்க சொன்னதும் இந்தக் காலண்டரும்தான் வழி காட்டுது. வைத்தியம் இருக்கும்மா," என்றாள் டாக்டர்.

யூலாலியா உடைந்தாள். "தூங்காத பொண்ணையும் பாத்துட்டேன், எழுந்திருக்காத பொண்ணையும் பாத்துட்டேன். நடுவுல ஒருத்தி இருந்தா டாக்டர்... பின்னல் போட்டா வலிக்குதுன்னு என்னைத் திட்டுவா. அவ வேணும் எனக்கு!"

ரெஃபூகியோ அவளைக் கட்டிக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுடி..."

மாதங்கள் கழிந்தன. ஒரு காலை, காலண்டரில் 'எட்டு' என்று எழுதிக்கொண்டிருந்தாள் ரெஃபூகியோ. யூலாலியாவின் சீப்பு மகளின் தலைமுடியில் எங்கோ சிக்கியது.

"மெதுவாம்மா! வலிக்குதுல்ல? கையா, உலக்கையா!"

யூலாலியா சீப்பைப் பிடித்தபடியே அழுதாள்.